ஆய்வு முடிவை முழுசாச் சொல்!
(ஆர்ப்பாட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சந்தையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலே ஓட்டை இருக்கான்னு திருப்பிப் பார்த்துத்தான் வாங்குறோம். ஆனால் விதைக் கம்பெனிக்காரர் "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று நோட்டீஸ் கொடுத்தால் அப்படியே நம்பிவிடுகிறோம். எந்த ஆய்வு? யார் செய்தது? யார் காசு? இதை நாம் கேட்க வேண்டாமா?

பி.டி. கத்தரிக்காய் கதையை மறக்கக் கூடாது. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சு செடிக்குள்ளேயே உண்டாகும்படி மஹிகோ கம்பெனி உருவாக்கிய விதை அது. நம்ம கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்த வேலையில் கூட்டு. தின்றால் கெடுதல் உண்டா என்று எலிகளுக்குக் கொடுத்து 90 நாள் சோதித்தார்கள். சோதனை விவரத்தை 2006-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டபோது, வியாபார ரகசியம் என்று மறுத்தார்கள். கொடுக்கச் சொல்லி தகவல் ஆணையம் உத்தரவு போட்டதும் கம்பெனி டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. விதை தயாரிக்கிற முறை ரகசியம்னா சரி. நம்ம பிள்ளைகள் தின்னப்போற காயைச் சோதிச்ச கணக்கு எப்படிய்யா ரகசியமாகும்?

போராடிய பிறகுதான் 2008-ல் விவரங்கள் வெளியே வந்தன. வெளி விஞ்ஞானிகள் படித்தார்கள், குறைகளை எடுத்துச் சொன்னார்கள். அப்படியும் 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. 7 நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்ட பிறகு, 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். கம்பெனியைச் சாராத சோதனை போதாது என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆராய்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாம் நடுகிற ஆடுதுறை நெல் ரகங்களும் ஆராய்ச்சியில் வந்தவைதான். பத்து இடத்தில் போட்டு, ரெண்டு இடத்தில் விளைந்ததை மட்டும் போட்டோ எடுத்துக் காட்டாதே என்கிறோம். கடன் வாங்கி விதைக்கிறவன் நாம். மறைத்த எட்டுக்கும் நட்டம் கட்டுவதும் நாம்தான்.

நமது கோரிக்கைகள்:

1. சோதனைக்குப் பணம் கொடுத்தது யார் என்று விதைப் பையிலும் நோட்டீஸிலும் போடு!
2. தோற்ற சோதனையையும் சேர்த்துச் சொல்! கூடுதல் விளைச்சல் என்றால் எந்த ரகத்தைவிட, எந்த மண்ணில் என்று சொல்!
3. முழு விவரத்தையும் தமிழில், விற்பனைக்கு முன்பே வெளியிடு!
4. கம்பெனியைச் சாராத சோதனையை அரசே நடத்து!

நோட்டீஸ் நீட்டுபவரிடம் இந்த நாலையும் கேளுங்கள். பதில் வராத விதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மறைக்காதே, மறைக்காதே! ஆய்வு முடிவை மறைக்காதே!