தென்னையைக் காப்பது யார் கடன்?

(வெள்ளவத்தையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



மரத்துக்கு வரும் நோயைப் பற்றிப் பேச வழக்கறிஞன் எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மருந்து சொல்ல நான் வரவில்லை. நான் எடுத்துக்கொண்ட நோய்க்கு மருந்தே கிடையாது. மருந்தில்லாத நோய் மரத்தைப் பற்றினால் எஞ்சுவது கோடரி. அந்தக் கோடரி யாருடைய வளவில் விழுவது, யாருடைய ஆணையால் விழுவது, விழுந்தபின் உடையவனுக்கு என்ன கொடுப்பது என்பன சட்டத்தின் கேள்விகள். அதனாலேயே வந்தேன்.

2006ஆம் ஆண்டில் மாத்தறை மாவட்டத்து வெலிகமப் பகுதியில் தென்னைகள் ஒருவிதமாக வாடுவது கண்டறியப்பட்டது. ஓலைகள் உரமிழந்து கீழ்நோக்கி வளைந்தன, அடி ஓலைகள் மஞ்சள் நிறங்கொண்டன, ஓரங்கள் காய்ந்தன, நாளடைவில் வட்டே சிறுத்துப் போயிற்று. மரம் உடனே சாவதில்லை. அதுதான் இந்நோயின் பெருங்கேடு. செத்து விழுந்தால் உடையவன் அப்புறப்படுத்துவான். இதுவோ சாகாமலும் சரிவரக் காய்க்காமலும் நின்று, அயலுக்கு நோயை வழங்கிக்கொண்டிருக்கும். லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் இதற்குக் காரணம் பைற்றோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் எனக் கண்டனர். பற்றீரியா வகையைச் சேர்ந்த அது மரத்தின் உணவு ஓடும் குழாய்களில் வாழ்கிறது. சாறு உறிஞ்சும் சிறு தத்துப்பூச்சிகள் அதனை மரத்துக்கு மரம் சுமந்து செல்கின்றன.

அரசாங்கம் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து உயிருள்ள தென்னை முதலிய பனைக்குடும்பச் செடிகளை வெளியே கொண்டுசெல்ல வர்த்தமானி மூலம் தடை விதித்தது. நோய்ப்பரப்பின் விளிம்பில் எல்லை வகுத்து, நோய் கண்ட மரங்களைத் தறிப்பித்தது, நட்டஈடும் கொடுத்தது. நெறி சரியானதே. ஆயினும் நோய் அழிந்துவிடவில்லை.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? 1924ஆம் ஆண்டுப் பயிர்ப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் இடத்தில் வந்த 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து வருகிறது. உத்தியோகத்தர் உங்கள் காணிக்குள் வரலாம், மரத்தைச் சோதிக்கலாம், அழிக்கும்படி பணிக்கலாம். வேடிக்கை பாருங்கள், 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்காதே என்கிறது. ஒரு சட்டம் தறிக்காதே என்கிறது; ஒரு சட்டம் தறி என்கிறது. இரண்டும் வேண்டியவைதாம். உடையவன் தன் மரம் தன்னுடையது மட்டுமே என்று நினைத்தால் இரண்டும் அவனுக்குக் கொடுங்கோன்மையாகத் தோன்றும். அயலவனுடைய நூறு மரங்கள் தன் ஒரு மரத்தைப் பொறுத்து நிற்கின்றன என்று உணர்ந்தால் அவ்வாறு தோன்றாது. ஆனால் அந்த நூறு மரங்களுக்காக ஒரு மரத்தை இழப்பவனே இழப்பு முழுவதையும் சுமக்க வேண்டுமா? என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்நாட்டின் கோப்பிக் கதையை நினைவுகூருங்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. துரைமார் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. 1880இல்தான் மார்ஷல் வார்ட் என்னும் தாவர அறிஞர் வரவழைக்கப்பட்டார். நோய்க்கு வித்திடுவது ஒரு பூஞ்சணம் என்றும், அதன் வித்துகளைக் காற்றுக் காவிச் செல்கிறது என்றும், மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை அதற்கு வழிதிறந்தது என்றும் அவர் காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியன்டல் வங்கியே கதவை மூடிற்று. துரைமார் தேயிலைக்கு மாறினர். கூலி நிலுவையோடு நின்ற தமிழ்த் தொழிலாளருக்கு மாறுவதற்கு என்ன இருந்தது? பலர் வந்த வழியே வெறுங்கையோடு திரும்பினர். பயிர்நோயின் சுமை எப்போதும் கீழ்நோக்கியே இறங்குகிறது.

வெலிகமை எங்கே, பளை எங்கே என்று கேட்கிறீர்களா? கேரளத்தில் நூறாண்டுகளுக்கு மேலாக வேர்வாடல் நோய் இருக்கிறது. அதுவும் இதே வகை நுண்ணுயிரின் வேலைதான். மலை நடுவே நின்றும் அது கம்பத்துக்கும் பொள்ளாச்சிக்கும் வந்து சேர்ந்தது. எங்களுக்கு நடுவே அப்படி வழிமறிக்கும் மலைத்தொடர்கூட இல்லை. ஏ-9 வீதி இருக்கிறது. பூச்சி அத்தனை தூரம் பறந்து வரவேண்டியதில்லை. அழகான குட்டைத் தென்னம்பிள்ளை ஒன்று லொறியில் ஏறினாற் போதும். கொழும்பிலிருந்து ஊருக்குப் போகும் நம்மவர் சிலர் எங்கே வளர்ந்தது என்று கேளாமலே கன்று வாங்கிப் போவதை நானே கண்டிருக்கிறேன். கேட்டால், "காட்சிக்கு ஒன்றுதானே" என்கிறார்கள்.

பளையிலும் முகமாலையிலும் போரின்போது தலையிழந்து கம்பமாய் நின்ற தென்னைகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2009க்குப் பின் மீளக் குடியேறிய கமக்காரர், கிணறு இறைத்து, நகை அடகு வைத்து நட்ட பிள்ளைகள் இன்றுதான் முழுப்பலன் தருகின்றன. 2025 செப்டெம்பரில் வடக்குத் தென்னை முக்கோணம் என்னும் திட்டமும் முல்லைத்தீவு மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கில் கன்றுகள் வடக்கே போகப்போகின்றன. ஒவ்வொரு கன்றும் எந்த நாற்றுமேடையில் பிறந்தது என்பதற்குச் சீட்டு இருக்கிறதா என்று கேட்பது எங்கள் உரிமை. கேளாமல் விடுவது குற்றம்.

நட்டஈட்டைப் பற்றி ஒரு சொல். நோய் வந்தபின் பேரம் பேசும் நட்டஈடு பயனற்றது. தறித்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாத கமக்காரன் நோயை மறைப்பான். அவனைக் குறைகூற எனக்கு மனம் வராது. பத்து மரமே சீவனமாயிருந்தால் நானும் மறைப்பேன். தொகையும், அதனைக் கொடுக்கும் காலக்கெடுவும், மாற்றுக் கன்றும் முன்கூட்டியே வர்த்தமானியில் வந்தால் அவனே உத்தியோகத்தரைத் தேடி வருவான். காய்க்கும் மரத்தின் விலை ஒரு குலையின் விலையன்று. புதுக்கன்று காய்க்கும் வரை செல்லும் ஆண்டுகளின் வருமானமும் அதில் அடங்கும்.

நோயைத் தாங்கும் இனங்களும் உண்டு. கேரளத்திலும் நம் தென்பகுதியிலும் பச்சைக் குட்டைத் தென்னை ஓரளவு எதிர்த்து நிற்பதை ஆராய்ச்சியாளர் கண்டு, அதிலிருந்து புதிய இனங்களை உருவாக்கி வருகின்றனர். அக்கன்றுகளில் வடக்குக்கு உரிய பங்கு வேண்டும். தமிழில் அச்சிட்ட படத்துடன் கூடிய அறிவித்தல் ஒவ்வொரு கமநல நிலையத்திலும் தொங்க வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்த சுற்றுநிருபத்தைக் காட்டி, பளைக் கமக்காரனிடம் "சட்டம் தெரியாதா" என்று யாரும் கேட்க வேண்டாம்.

இவற்றைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு நண்பர் ஒருவர் காத்திருக்கிறார். முதலாவது, கன்றுகளின் பிறப்பிடச் சீட்டு. இரண்டாவது, முன்னரே அறிவிக்கப்பட்ட நட்டஈடு. அவர் வாசிக்கட்டும், திருத்தம் உள்ளவர்கள் எழுந்து சொல்லுங்கள்.