உழுகிறவன் பணக்காரனா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், விவசாயி பணக்காரனா ஏழையா என்பதாகும். இதற்கு ஒரு கூட்டமும் ஒரு பிரசங்கமும் வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்தக் கேள்விக்குச் சொல்லப்படுகிற தப்பான பதிலால், வருஷந்தோறும் கோடி கோடியாய்ச் சர்க்கார் பணம் போகவேண்டிய இடத்திற்குப் போகாமல் வேறிடத்திற்குப் போய்க்கொண்டிருக்கிறபடியால், இதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்பது அவசியமென்றே கருதுகின்றோம்.

பட்டணத்தாரைக் கேளுங்கள். "விவசாயிக்கு என்ன குறை? வருமான வரி கிடையாது. மோட்டாருக்கு மின்சாரம் இனாம். உரம் குறைந்த விலை. கடன் வாங்கினால் தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடி. நிலத்தை விற்றாலோ லட்சக்கணக்கில் பணம். இவனா ஏழை?" என்பார்கள். கிராமத்தாரைக் கேளுங்கள். "நகை அடகிலிருக்கிறது, பத்திரம் பாங்கியிலிருக்கிறது, விளைந்தால் விலையில்லை, விலையிருந்தால் விளைச்சலில்லை, உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பார்கள். இந்த இரண்டு பேரும் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆளைப்பற்றிப் பேசவில்லை. இதுதான் இதிலுள்ள இரகசியம்.

"விவசாயி" என்கிற ஒரே சட்டையை மூன்று பேருக்கு மாட்டி வைத்திருக்கிறோம். முதலாமவன் நிறைய நிலத்தைப் பட்டாவில் வைத்துக்கொண்டு, சேற்றில் கால் வைக்காமல் கணக்கு மட்டும் பார்க்கிறவன். இரண்டாமவன் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு பாடுபடுகிறவன். மூன்றாமவன் ஒரு குழி நிலமும் இல்லாமல், ஊரார் நிலத்தையெல்லாம் உழுது, நட்டு, களையெடுத்து, அறுத்துக் கொடுத்துவிட்டுக் கூலிக்குக் கைகட்டி நிற்கிறவன். சலுகை கேட்கும்போது சர்க்காருக்குக் காட்டப்படுவது இந்த மூன்றாமவனுடைய ஒட்டிய வயிறு. சலுகை வந்தபிறகு போய்ச் சேருவது முதலாமவனுடைய பட்டாவுக்கு. இதைவிடப் பெரிய பித்தலாட்டம் வேறென்ன இருக்கமுடியும்?

முதலில் தலைக்கணக்கைப் பாருங்கள். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, நம் தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்கிறவர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலிகளோ சுமார் 96 லட்சம் பேர். அதாவது, வயலில் பாடுபடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் கூலி ஆட்கள். இவர்களை விட்டுவிட்டு, "விவசாயி நிலைமை" என்று பேசினால் அதற்கு என்ன அர்த்தம்?

இனி நிலமுள்ளவர்கள் சங்கதியைப் பார்ப்போம். 2015-16ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உள்ள சாகுபடிப் பண்ணைகளில் 100க்கு 86, ஐந்து ஏக்கருக்குக் குறைந்தவை. இந்த 86 பேர் கையில் இருக்கிற நிலம் 100க்கு 47 பங்குதான். மீதி 14 பேர் கையில் 53 பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த நிலம் என்ன விலைக்குப் போகும் என்பது வேறு விஷயம். தச்சனுடைய உளிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதற்காகத் தச்சனைப் பணக்காரன் என்று சொல்லுவோமா? உளியை விற்றால் நாளைக்கு வேலை ஏது? நிலத்தை விற்றால் விவசாயி ஏது?

வரும்படி என்ன என்று பார்ப்போம். 2018-19இல் மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா எடுத்த கணக்கின்படி, இந்திய விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வரும்படி 10,218 ரூபாய். இதில் பயிரினால் மிஞ்சியது 3,798 ரூபாய். கூலிக்கும் சம்பளத்துக்கும் போய்ச் சம்பாதித்தது 4,063 ரூபாய். தோழர்களே, இதைக் கவனியுங்கள். விவசாயி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற குடும்பத்துக்கு, தன் வயலில் கிடைத்ததைவிட வெளி வேலையில் கிடைத்தது அதிகம். பயிர்ப் பணத்தை நாள் கணக்காக்கினால், குடும்பம் முழுமைக்கும் நாளொன்றுக்கு 127 ரூபாய்கூட இல்லை. வருமான வரி கிடையாதே என்று இந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களைக் கேட்கின்றோம்: வருமானமே இல்லாதவனுக்கு வரி இல்லை என்பது ஒரு சலுகையா? அந்தச் சலுகை, தோட்டமும் துரவும் பெருக்கி வைத்திருக்கிற முதலாமவனுக்கும், வேறு தொழிலில் வந்த பணத்தை வயலில் விளைந்ததாகக் கணக்கெழுதிக் கொள்ளுகிறவனுக்குமே பயன்படும்.

நிற்க, கடன் விஷயத்துக்கு வருவோம். அதே 2018-19ஆம் வருஷத்துக் கணக்கில், விவசாயக் குடும்பங்களில் 100க்கு 50 கடன்பட்டிருந்தன. சராசரிக் கடன் 74,121 ரூபாய். தமிழ்நாட்டில் 100க்கு 65. சராசரிக் கடன் 1,06,553 ரூபாய். ஆனால் கடன் தொகையை மட்டும் பார்த்து ஏழை, பணக்காரன் என்று தீர்மானித்துவிடக் கூடாது. பஞ்சாபில் குடும்பத்துக்கு மாத வரும்படி 26,701 ரூபாய், கடன் 2,03,249 ரூபாய். ஜார்க்கண்டில் மாத வரும்படி 4,895 ரூபாய். கடனோ வெறும் 8,415 ரூபாய். ஜார்க்கண்டுக்காரன் கடனில்லாத சீமான் என்று அர்த்தமா? அவனை நம்பிக் கடன் கொடுப்பார் இல்லை என்று அர்த்தம். கையில் ஈடு வைக்க நிலமுள்ளவனுக்குத்தான் கடனும் கிடைக்கும்.

ஆகையால் எவ்வளவு கடன் என்பதோடு, யாரிடம் என்ன வட்டிக்குக் கடன் என்றும் கேட்கவேண்டும். பட்டாவும் சிட்டாவும் உள்ளவன் பாங்கிக்குப் போனால் பயிர்க்கடனுக்கு வருஷத்துக்கு 100க்கு 7 வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 4. நம் கூட்டுறவுச் சங்கங்களில் காலத்தில் கட்டினால் வட்டியே கிடையாது. வாய்ச்சொல் குத்தகைக்காரன், கூலிக்காரன் சங்கதி என்ன? அவன் வட்டிக்காரன் வாசலுக்குத்தான் போகவேண்டும். அங்கே மாதத்துக்கு 100க்கு மூன்று என்றால் வருஷத்துக்கு 36. 2012-13ஆம் வருஷத்துக் கணக்கில், நிலம் ஏறக்குறைய இல்லாத குடும்பங்களின் கடனில் 100க்கு 15 பங்குதான் பாங்கி, கூட்டுறவு முதலிய இடங்களில் வாங்கியது. 25 ஏக்கருக்குமேல் உள்ளவர்களின் கடனில் 79 பங்கு அங்கே வாங்கியது. இருக்கிறவனுக்குக் குறைந்த வட்டி, இல்லாதவனுக்குக் கொள்ளை வட்டி! இது எந்த ஊர் நியாயம்?

இந்த நிலைமையில் கடன் தள்ளுபடி என்றால் யாருக்குத் தள்ளுபடி ஆகும்? 2021இல் தமிழ்நாடு சர்க்கார் 16.43 லட்சம் பேருடைய 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளிற்று. அதில் உண்மையாய்க் கஷ்டப்பட்ட சிறு விவசாயிகள் அநேகர் பிழைத்திருப்பார்கள். அதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வட்டிக்காரனிடம் வாங்கியவனுடைய புரோநோட்டில் ஒரு பைசா குறைந்ததா? இது இன்று நேற்று வந்த வழக்கமுமல்ல. 1938இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தபோதே, நிலத்தில் விற்கத்தக்க பாத்தியதையோ, ஜமீன் முதலியவற்றின் கீழ் குடி பாத்தியதையோ உள்ளவன்தான் விவசாயி என்று அர்த்தம் எழுதினார்கள். பாத்தியதை உள்ளவன் விவசாயி. பாடுபடுகிறவன் விவசாயி அல்ல!

மற்ற சலுகைகளும் இப்படியே. உர மானியம் மூட்டைக் கணக்கில் போகிறது. நூறு மூட்டை வாங்குகிறவனுக்கு நூறு பங்கு, ஒரு மூட்டை வாங்குகிறவனுக்கு ஒரு பங்கு. இனாம் மின்சாரம் கிணறும் மோட்டாரும் உள்ளவனுக்கு. வானம் பார்த்த பூமிக்காரனுக்கு அதில் என்ன லாபம்? மத்திய சர்க்கார் 2019 முதல் கொடுக்கிற வருஷம் 6,000 ரூபாய், நிலம் தன் பேரில் உள்ளவனுக்கே. அதுவும் நாளொன்றுக்குப் பதினாறரை ரூபாய்கூட ஆகவில்லை. தெலுங்கானாவில் 2018இல் ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு 4,000 ரூபாய் என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு ஏக்கர்க்காரனுக்கு 8,000. ஐம்பது ஏக்கர்க்காரனுக்கு இரண்டு லட்சம். அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுதவனுக்குப் பூஜ்யம். பசித்தவனுக்குச் சோறு போடுகிறோம் என்று சொல்லி, இலையின் நீளத்தை அளந்து சோறு போட்டால், இலையே இல்லாதவன் கதி என்ன?

நெல்லுக்கு ஆதார விலை இருக்கிறதே என்பார்கள். 2015இல் சாந்தகுமார் கமிட்டி, ஆதார விலையில் சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு விற்றுப் பயனடைந்த விவசாயிகள் இந்தியாவில் 100க்கு 6 பேர்தான் என்று சொல்லிற்று. மற்றவர்கள், அறுப்புக்கு முன்னே முன்பணம் வாங்கிய வியாபாரியிடம் அவன் சொன்ன விலைக்கு அளந்துவிட்டு வருகிறவர்கள்.

ஒரே பெயரை எல்லோருக்கும் போடுவதால் வருகிற கெடுதிக்கு நம் தஞ்சை ஜில்லாவே சாக்ஷி. 1960களில் அங்கே கூலி ஆட்கள் கூடுதல் கூலி கேட்டபோது, எதிர்த்து நின்ற நிலக்காரர்கள் தங்கள் சங்கத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? நெல் உற்பத்தியாளர் சங்கம்! நெல்லை உற்பத்தி செய்தவர்கள் எதிர்ப்பக்கத்தில் கூலி கேட்டு நின்றார்கள். அந்தத் தகராறின் முடிவாக 1968 டிசம்பர் 25ந்தேதி இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பலானார்கள். உழைத்தவனுடைய பெயரைக்கூட உழைக்காதவன் எடுத்துக்கொண்டால் காரியம் எதுவரை போகும் என்பதற்கு இது போதாதா?

இன்னொரு கணக்கும் சொல்லுகின்றோம். 2022இல் இந்தியாவில் விவசாயத் துறையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,290 பேர் என்று சர்க்காரே கணக்குக் கொடுத்தது. அவர்களில் பயிர் செய்தவர்கள் 5,207 பேர். கூலி ஆட்கள் 6,083 பேர். சாவிலும் கூலிக்காரன்தான் முன்னே நிற்கிறான். பத்திரிகைத் தலைப்பிலோ அவனுக்கு இடமில்லை.

இவ்வளவையும் மூடி மறைக்கத்தான், "உழவன் தெய்வம்", "அன்னம் கொடுக்கும் அன்னதாதா" என்கிற ஸ்தோத்திரங்கள். ஒருவனைத் தெய்வமாக்கிவிட்டால் அவனுக்குக் கூலி கொடுக்கவேண்டியதில்லை, கும்பிட்டால் போதும் என்பது நம் நாட்டில் பழைய தந்திரம். விளைச்சல் போனால் தலைவிதி என்று அவனையே சொல்லும்படி பழக்கிவைத்ததும் அதற்குத்தான். மழை பெய்யாதது யார் குற்றமும் அல்ல. ஆனால் மழை பெய்யாத வருஷத்திலும் குத்தகை நெல்லை மூட்டை குறையாமல் கேட்பது மனிதன் செய்கிற காரியம். அதை மனிதன் மாற்றலாம்.

மாற்றமுடியாது என்று யாராவது சொன்னால் ஒரிசாவைக் காட்டுங்கள். 2018-19இல் அந்தச் சர்க்கார் ஆரம்பித்த திட்டத்தில், வாரத்துக்குப் பயிர் செய்கிறவனையும் சேர்த்தார்கள். நிலமற்ற குடும்பம் ஆடு, கோழி வளர்த்துப் பிழைக்க 12,500 ரூபாய் என்றும் வைத்தார்கள். ஆகவே மனமிருந்தால் வழியுண்டு. நம் நாட்டில் குத்தகைக்காரன் பெயரைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் உண்டு. அந்தப் பதிவேட்டில் உழுகிறவன் பெயர் ஏறவேண்டும். கடனும் நஷ்டஈடும் அந்தப் பெயருக்கு வரவேண்டும். சலுகைக்கு ஏக்கர் உச்சவரம்பு வேண்டும். கூலிக்காரனும் விவசாயி என்று சட்டத்தில் எழுதவேண்டும்.

முடிவாக ஒன்று. இனி யாராவது உங்களிடம் வந்து, "விவசாயி பணக்காரன்" என்றாலும், "விவசாயி ஏழை" என்றாலும், "எந்த விவசாயி? கையில் மண் ஒட்டினவனா, பட்டாவில் பெயர் ஒட்டினவனா?" என்று திருப்பிக் கேளுங்கள். நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். உங்கள் ஊரிலே யார் பேரில் பட்டா, யார் உழுகிறான், தள்ளுபடி யாருக்கு வந்தது, அடகில் இருப்பது யார் நகை என்று நீங்களே ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கு சரியென்று பட்டால் அதன்படி நடங்கள்.