ஒரே வரிசையில் நின்று வாங்குவதுதான் நன்மை

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த இரண்டு நாள் இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நேற்றிரவு எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டு எழுந்தோம். கை கழுவுகிற இடத்தில் இந்த மலையைச் சேர்ந்த கல்லூரித் தங்கை ஒருவர் கேட்டார்: "அக்கா, அமெரிக்காவுல பைடனுக்கு சர்ச்சுல அப்பம் கொடுக்க மாட்டேன்னுட்டாங்களாமே? அவ்வளவு பெரிய ஆளுக்கே மறுக்க முடியும்னா, இங்க சாதி பாக்குறவங்களுக்கு ஏன் மறுக்கல?"

இன்று பேசுவதற்கு நான் வேறு குறிப்புகள் எடுத்து வந்திருந்தேன். அவற்றை மூடி வைத்துவிட்டேன். இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். ஏனென்றால் இது என் ஆய்வுக்குள்ளும் இருக்கிற கேள்வி, என் வீட்டுக்குள்ளும் இருக்கிற கேள்வி.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். கத்தோலிக்கப் பூசையில் குருவானவர் கொடுக்கும் அப்பத்தை நற்கருணை என்பார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதற்குப் பெயர் 'நன்மை'. முதன்முதலாக வாங்குவது புதுநன்மை. அதைக் கிறிஸ்துவின் உடல் என்றே கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். ஆகவே அதை ஒருவருக்கு மறுப்பது சாதாரணக் காரியமில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் கொடுப்பதைத்தான் விதியாக வைத்திருக்கிறது. திருமுழுக்குப் பெற்ற, சட்டத்தால் தடுக்கப்படாத எவருக்கும் நற்கருணை கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 912ஆம் சட்டம். விலக்கு 915ஆம் சட்டத்தில் வருகிறது. சபைநீக்கம் போன்ற தண்டனைக்கு உள்ளானவர்களுக்கும், வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்பவர்களுக்கும் நற்கருணை தரக்கூடாது. அந்தச் சட்டத்தில் 'அரசியல்வாதி' என்ற சொல்லே இல்லை. கனமான பாவமா, ஊரறிந்ததா, பிடிவாதமா? இந்த மூன்றும்தான் கேள்வி.

அமெரிக்காவில் இந்தச் சட்டம் கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் கத்தோலிக்க அரசியல்வாதிகள் மீது திரும்பியது. 2019 அக்டோபரில், அதிபர் தேர்தலுக்கான வேட்பாளர் போட்டியில் இருந்த ஜோ பைடனுக்குத் தென் கரோலினாவில் ஒரு குருவானவர் நற்கருணை தர மறுத்தார். 2021 ஜூனில், நற்கருணை பற்றி ஓர் ஆவணம் தயாரிக்க அமெரிக்க ஆயர்கள் 168க்கு 55 என்று வாக்களித்தார்கள். 2022 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பேராயர், நான்சி பெலோசிக்குத் தம் மறைமாவட்டத்தில் நற்கருணை இல்லை என்று அறிவித்தார். அடுத்த மாதமே பெலோசி வத்திக்கானில், போப் பிரான்சிஸ் தலைமை தாங்கிய திருப்பலியில் நற்கருணை வாங்கினார். கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்பது என் நிலைப்பாடு. அந்த விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு பெண் சட்டமன்றத்தில் போடும் வாக்கு, வெளிப்படையான பாவமா இல்லையா என்று ஆயர்கள் வருடக்கணக்கில் விவாதிக்கிறார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எனக்குப் புதுநன்மை கொடுத்தபோது ஒன்பது வயது. ஊர் பெயரும் பங்கின் பெயரும் வேண்டாம். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் முன்னால் போனேன். உபதேசியார் கையை நீட்டித் தடுத்தார். "அந்தப் பக்கம் முடியட்டும்" என்றார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாங்கினார்கள், பிறகு அவர்களின் அப்பா அம்மாக்கள், பிறகு தாத்தா பாட்டிகள். எங்கள் முறை வந்தபோது கிண்ணத்தில் அப்பம் குறைந்துவிட்டது. சாமியார் இருப்பதை உடைத்து உடைத்துக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது விரல் நகம் அளவு.

நான் அழுதேன். அப்பாயி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "துண்டா இருந்தா என்னடி, சாமி முழுசாத்தான் இருக்காரு."

பல ஆண்டுகள் கழித்து இறையியல் புத்தகங்களைப் படித்தபோது தெரிந்தது, அப்பாயி சொன்னது அப்படியே கத்தோலிக்கக் கோட்பாடு. உடைந்த ஒவ்வொரு துணுக்கிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். ஆனால் அந்தக் கோட்பாடு அன்றைக்கு யாருக்குத் தேவைப்பட்டது? முழு அப்பம் வாங்கியவர்களுக்குத் தேவைப்படவில்லை.

பொது வாழ்வில் இருப்பவர்களுக்கு நற்கருணை மறுக்கலாமா என்று உலகம் இப்போது விவாதிக்கிறது. தமிழ்நாட்டில் அந்த மறுப்புக்கு முந்நூறு வருடத்துக்கு மேல் வயது. மறுக்கப்பட்டவர்கள்தான் வேறு.

1704இல் பாப்பரசரின் தூதராக வந்த தூர்னோன், புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் ஒரு பகுதி பறையர் வீடுகளைப் பற்றியது. சாகக் கிடக்கிற பறையர் கிறிஸ்தவருக்குக் கடைசி அருளடையாளங்களைக் கொடுக்கக் குருக்கள் அந்த வீட்டுக்குள் போவதில்லை, நோயாளியை வெளியே தூக்கி வரச் சொல்கிறார்கள் என்பது அப்போது எழுந்த புகார். வீட்டுக்குள் போய்த்தான் கொடுக்க வேண்டும் என்றார் தூர்னோன். மிஷனரிகள் நாற்பது ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்த ஆணையை உறுதி செய்தபோது கிடைத்த சமரசம் என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனியாக மிஷனரிகள்! தனி வரிசை, தனிக் கல்லறை எல்லாவற்றுக்கும் முன்னோடியாகத் தனிக் குரு.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம். நடுவில் ஒரே பீடம், அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இரண்டு பிரிவாக நீளும் கோயில். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொரு காலில் நாடார். 1910இல் காசானல் என்ற குருவானவர் பிரிவினைச் சுவரை இடித்தார். ஆதிக்க சாதியினர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். இந்த வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார், வாசியுங்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: ஒரு குருவானவர் துணிந்தால் முடியும் என்பது நூறு ஆண்டுக்கு முன்பே நிரூபணமாகிவிட்டது.

விழுப்புரம் பகுதி எறையூர். தலித் கத்தோலிக்கர்கள் சமத்துவம் கேட்டார்கள், கிடைக்காதபோது தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களின் தெரு தாக்கப்பட்டது. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இந்த மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் துறையூர் வட்டாரம். அங்கே கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட கோட்டப்பாளையம். திருவிழாவுக்கு எங்களிடம் வரி வாங்குவதில்லை, தேர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, பங்கு நிர்வாகத்தில் இடமில்லை என்பது அங்கிருக்கும் தலித் கத்தோலிக்கர்களின் புகார். உயர் நீதிமன்றத்தில் தீர்வு கிடைக்காமல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. தேர் தங்கள் தெருவுக்கு வர வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு கிராமத்து மக்கள் டெல்லி வரை போக வேண்டியிருக்கிறது.

சரி, 915ஆம் சட்டத்தின் மூன்று கேள்விகளையும் சாதிக்குப் போட்டுப் பார்ப்போம்.

கனமான பாவமா? 1982லேயே சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று இந்திய ஆயர்கள் அறிக்கை விட்டார்கள். 2003இல் தமிழ்நாட்டு ஆயர்களிடமே போப் இரண்டாம் ஜான் பால் இதைக் கண்டித்துப் பேசினார்.

ஊரறிந்ததா? இதற்கு ஆயர்களே சாட்சி. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடித் தோழர்கள் எந்த மதத்துக்குப் போனாலும் பழங்குடிப் பட்டியலில் இருப்பார்கள். சமவெளியில் கிறிஸ்தவரான தலித், 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அந்த உரிமையைத் திரும்பக் கேட்டு ஆயர்கள் ஆகஸ்ட் 10 அன்று கறுப்பு நாள் அனுசரிக்கிறார்கள். நல்லது, நாமும் கூட நிற்கிறோம். ஆனால் டெல்லியில் "எங்களுக்குள் சாதி இருக்கிறது" என்று வாதாடுகிறவர்கள், பங்குக்குள் வந்தால் "இங்கே அதெல்லாம் இல்லை, ஊர் வழக்கம்" என்கிறார்களே. இரண்டில் எது உண்மை?

பிடிவாதமா? 2016இல் ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் சுவர் நிற்கிறது என்றால் அதற்குப் பெயர் பிடிவாதம்தான்.

நம் ஊரில் பொது மனிதர்கள் யார்? தேர் வடத்தை முதலில் தொடுகிறவர், அழைப்பிதழில் எந்தத் தெருவின் பெயர் வரக்கூடாது என்று தீர்மானிக்கிறவர், கல்லறைச் சுவருக்குச் செங்கல் வாங்கிக் கொடுத்தவர். இவர்களும் ஞாயிறு பூசையில் முன்வரிசையில் நின்று நாக்கை நீட்டி நன்மை வாங்குகிறார்கள்.

திருச்சபை இதைச் செய்யவே முடியாதா? செய்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல். 1955இல் ஜெசூட் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினக் குருவானவரைப் பூசை வைக்கவிடாமல் வெள்ளையர்கள் தடுத்தபோது, அந்தச் சிற்றாலயத்தில் வழிபாட்டையே நிறுத்தினார். 1962 ஏப்ரலில், கத்தோலிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாது என்று கிளர்ச்சி செய்த மூன்று பேரை, எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிய பிறகு சபைநீக்கம் செய்தார். அவர்களில் லியாண்டர் பெரஸ் அந்த மாநிலத்தில் பெரிய அரசியல் புள்ளி. அந்த ஆண்டே பள்ளிகள் திறந்துவிடப்பட்டன. நிறவெறிக்குச் செய்ய முடிந்ததைச் சாதிவெறிக்குச் செய்யச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

உங்களில் சிலருக்கு ஒரு சங்கடம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. ஒருவருக்கு உணவை மறுக்கும் அதிகாரத்தைக் குருவிடம் கொடுக்கச் சொல்லி நாமே கேட்கலாமா? அந்த அதிகாரத்தால் அடிபட்டவர்கள் நாம். தாம் யாருக்கும் நற்கருணையை மறுத்ததில்லை என்று 2021இல் போப் பிரான்சிஸ் சொன்னார். அதிலும் நியாயம் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம். தகுதியில்லாமல் அப்பம் உண்ணக்கூடாது என்பதற்கு எப்போதும் மேற்கோள் காட்டப்படுவது, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரம். முழுவதும் படித்துப் பாருங்கள். பவுல் எதற்காகக் கோபப்படுகிறார்? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்றுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள் என்பதற்காக. தகுதியின்மை என்ற பேச்சே பந்தி வஞ்சனையில்தான் தொடங்குகிறது. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்றதும் பெரியார் ஏன் அவ்வளவு கோபப்பட்டார் என்று தெரிந்தவர்களுக்கு, இந்த அதிகாரத்தை விளக்கத் தேவையில்லை.

இந்தச் சட்டத்தைப் பற்றி அப்பாயியிடம் ஒருமுறை சொன்னேன், அவர் இறப்பதற்கு முந்தைய வருடம். சாதி பார்க்கிறவனுக்கு நன்மை கொடுக்கக்கூடாது என்று சொல்ல இடமிருக்கிறது என்றேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "யாருக்கும் இல்லைன்னு சொல்ல வேணாம். ஒரே வரிசைன்னு மட்டும் சொல்லச் சொல்லு. எவன் நிக்க மாட்டேங்குறானோ, அவன் தானா நன்மைய வேணாம்னுட்டுப் போறான்."

வடக்கன்குளத்தில் சுவர் போனபோது நடந்தது அதுதான். வழக்குப் போட்டவர்கள் கேட்டது சுவரை.

ஆகவே என் கோரிக்கையை அப்பாயியின் வரிசைப்படியே வைக்கிறேன். முதலில் ஒரே வரிசை, ஒரே கல்லறை, எல்லாத் தெருவுக்கும் தேர். இவை சலுகை இல்லை. விசுவாசிகள் அனைவரும் சமம் என்கிறது 208ஆம் சட்டம். பங்குக்குக் கல்லறை இருந்தால் பங்கு மக்களை அங்கேதான் அடக்க வேண்டும் என்கிறது 1180. உரிமை மறுக்கப்பட்டால் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்காடலாம் என்கிறது 221. இந்த எண்களை மனுவில் எழுதி ஆயரிடம் கொடுங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள். அடுத்து, பிரிவினையை நடத்துகிற பொறுப்பாளர்களுக்குப் பெயர் குறிப்பிட்டு எச்சரிக்கை. அதற்கும் அசையாதவர்களுக்கு 915. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தடுக்கப்பட்டவருக்குத் தெரிந்தே அருளடையாளம் கொடுக்கும் குருவை இடைநீக்கம் செய்யவும் வழியிருக்கிறது. கடைசிப் படியில் எனக்கும் அப்பாயிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் மன்னிக்கத் தயாராக இருந்தார். நான் முதலில் சுவர் இடியட்டும் என்கிறேன்.

நேற்றுக் கேள்வி கேட்ட தங்கைக்கு என் பதில் இதுதான்: மறுக்கச் சட்டம் இருக்கிறது, முன்னுதாரணம் இருக்கிறது. யாருடைய பாவம் கண்ணில் படுகிறது என்பது, பார்க்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆயர்களை நம் பக்கம் வந்து நின்று பார்க்கச் சொல்வோம். கிண்ணத்தில் அப்பம் தீரும் நேரத்தில், கடைசி ஆளாக.

ஜெய்பீம்.