வாசற்படி வரை ஒரு துணை

(குறுவளமையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய விருப்பப்படி பெயர் வெளியிடப்படவில்லை.)



நான் பதினொரு ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் ஒரு கணக்கு ஆசிரியர். அதற்கு முன்பு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு நின்றவன். முதல் பாடவேளையில் கை நடுங்கும். அதனால் கரும்பலகையில் எழுத ஒரு மாணவனைக் கூப்பிடுவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருந்தது.

ஒருநாள் பள்ளி விட்டபின் தலைமையாசிரியர் அழைத்தார். மெமோ வரப்போகிறது என்று நினைத்துப் போனேன். அவர், "தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் என்கூட வாங்க. ஒரு கூட்டம் இருக்கு. நீங்க பேச வேண்டாம், உட்கார்ந்திருந்தா போதும்" என்றார்.

பக்கத்து ஊருக்குப் பேருந்தில் போனோம். ஒரு தேவாலய வளாகத்தின் பின்புற அறை. வாசற்படியில் நின்றுவிட்டேன். "உள்ளே நம்ம பெற்றோர் யாராவது இருந்தா என்ன சார் செய்யறது?" என்று கேட்டேன். "இருந்தா, அவரும் அதுக்குத்தானே தம்பி வந்திருப்பார்" என்றார்.

உண்மையிலேயே ஒருவர் இருந்தார், என் மாணவனின் தந்தை. அவர் எழுந்து, "வாங்க சார்" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். அதன்பின் பள்ளியில் சந்தித்தபோதெல்லாம் பிள்ளையின் படிப்பைப் பற்றி மட்டுமே பேசினோம். அவருடைய சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறேன்.

நான் போனது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். ஏ.ஏ. என்பார்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற ஒரு பங்கு வணிகரும் ஓர் அறுவை மருத்துவரும் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. குடித்தவன் சொல்வதைக் குடித்தவன் கேட்பான் என்பதுதான் அதன் அடிப்படை. கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. மதமோ சாதியோ பதவியோ கேட்பதில்லை. தேவாலயத்தில் நடந்தாலும் அது தேவாலயக் கூட்டம் அல்ல. இடம் மட்டுமே அவர்களுடையது.

கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416ம் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. சொந்த ஊரில் போகத் தயக்கமாக இருந்தால் அடுத்த ஊருக்குப் போகலாம். இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன. போவதற்கு முன் 'திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் நண்பர்களும் வரலாம். என் தலைமையாசிரியர் என்னோடு உள்ளே வந்து உட்கார முடிந்தது அதனால்தான். மூடிய கூட்டம், குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

உள்ளே ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்வார்கள். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்; அறிவுரையும் சொல்லமாட்டார்கள். ஆசிரியர்களான நமக்கு இது கொஞ்சம் கடினம்! பேச விருப்பமில்லை என்றால் "கேட்க வந்தேன்" என்று சொன்னால் போதும். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு குழுவைப் போல் இன்னொரு குழு இருக்காது. நான் மூன்றாவது குழுவில்தான் ஒட்டிக்கொண்டேன்.

ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. நானும் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்தினேன். நிறுத்திய பிறகு திரும்பவும் தொடாமல் இருக்கக் கூட்டம் கைகொடுத்தது. இடையில் ஒருமுறை தவறினேன். மறுவாரம் போனபோது யாரும் காரணம் கேட்கவில்லை. தேநீர் கொடுத்தார்கள்.

குடிப்பவரின் குடும்பத்துக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. குடிப்பவர் திருந்தாவிட்டாலும் மனைவியும் பெற்றோரும் அங்கே போகலாம். "அவர் வரமாட்டேங்கிறார் டீச்சர்" என்று ஒரு தாய் உங்களிடம் அழுதால், "நீங்க போகலாம்மா" என்று சொல்லுங்கள். அவர் பிள்ளையிடம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் "அப்பா நேத்தும் குடிச்சாரா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் தனியாக அழைத்து, "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். வீட்டில் அடி உதை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

நிறைவாக ஒன்று. நம் ஆசிரியர் அறைகளில் ஒருவர் குடிப்பது தெரிந்தால், ஒன்று கிண்டல் செய்கிறோம். அல்லது அவர் வகுப்பை நாம் பார்த்துக்கொண்டு மறைக்கிறோம். என்னையும் நான்கு ஆண்டுகள் அப்படி அன்போடு மறைத்தார்கள். அந்த நான்கு ஆண்டுகளும் என் மாணவர்கள் கணக்கில் இழந்தவை. அவற்றை என்னால் திருப்பித் தர முடியவில்லை. எனக்கு உதவியது, என்னோடு பேருந்து ஏறிய ஒருவர். இன்று மாலை உங்களுக்கு யாருடைய முகமாவது நினைவுக்கு வந்தால், கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்துக்கொண்டு அவரிடம் பேசுங்கள். முகவரியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். வாசற்படி வரை கூடவே போங்கள்.