சிறு உழவரும் கடைக்கு வரும் கருவிகளும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இராயபுரத்தில் நின்று உழவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்த நம் முன்னோர் பலர் செங்கற்பட்டு, வடஆர்க்காட்டுச் சேரிகளின் உழவுத் தொழிலாளரே. உழவு தெரிந்திருந்தது, நிலந்தான் இல்லை.

நமக்கு அண்மையில் எண்ணூரிலும் மணலியிலும் உர ஆலைகள் எழுந்தன. மணலி ஆலை 1971இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. உரமும், வீரிய விதையும், பம்புசெட்டும் கடைவழியே சிற்றூர்களை அடைந்தன. ஆனால், கடை அறிந்தது கைப்பணத்தை மட்டுமே. அரை ஏக்கர் உழவன் கடனுக்கு வாங்கினான்; கடன் கொடுத்தவர் சொன்ன விலைக்கே விளைச்சலை விற்றான்.

அப்படியாயின் கடையே பகையா? அன்று. 1980களில் வங்கதேசத்தில் பரவிய மிதி பம்பைக் காண்போம். மூங்கில் மிதிகட்டைகளும் இரண்டு உருளைகளும் கொண்ட எளிய கருவி அது. ஏறத்தாழ 20 அடிக்குள் நீர் உள்ள இடங்களில் மின்சாரமின்றி இறைக்கும். உள்ளூர்ப் பட்டறைகள் செய்தன. சிறு கடைகள் விற்றன. குழாய் இறக்குவோர் பொருத்தினர். பாட்டும் கூத்தும் செய்தி பரப்பின. பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றன. காரணம், ஏழையின் சிறு நிலத்தை அளந்து, அதற்கேற்பச் செய்த கருவி அது. நம் பாட்டன்மாரும் ஏற்றம் மிதித்தனர். ஆனால் பிறர் வயலுக்கு!

கடை தரமுடியாத ஒன்று உண்டு, அது நிலம். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலைமையை எழுதினார். 1892இல் அரசு ஆணை பிறந்தது. பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனையோடு பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி இன்று பிறர் கையில் இருக்கிறது.

ஆகவே, இளைஞர்களே! படித்த நாம் செய்யவேண்டுவன மூன்று. சொந்த ஊருக்குச் செல்லும்போது நிலப்பதிவேட்டைப் பாருங்கள். விதைப்பையில் அச்சிட்ட முளைப்புத் திறனையும் காலாவதி நாளையும் உறவினர்க்குப் படித்துக் காட்டி, ரசீது கேட்டு வாங்கச் செய்யுங்கள். ஒருவரால் வாங்க இயலாத கருவியை ஐவர் சேர்ந்து வாங்க வழிகாட்டுங்கள்.

நாம் பெற்ற எழுத்தறிவு நம் ஊரின் வயலுக்கும் பாயட்டும்.