மோட்டார் சைக்கிளின் கிளட்சும் கியரும்
(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பால் கேனையும் புல்லுக்கட்டையும் உர மூட்டையையும் இன்று சுமந்து செல்வது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளே. மாட்டுக்கு நோய் கண்டால் அதன் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளும் நாம், வண்டிக்கு நோய் கண்டால் மட்டும் யாதொன்றும் பாராமல் பட்டறைக்குத் தள்ளிச் செல்கிறோம். “கிளட்ச் பிளேட் போய்விட்டது” என்று அங்கே சொன்னால், பல நாட் கூலியை எண்ணி வைத்துவிட்டு வருகிறோம். பிளேட் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம். கேபிளின் திருகைச் சிறிது திருப்பினால் தீரக்கூடிய குறையாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியும் வகையைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம்.

கிளட்ச் என்பது எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பூட்டுவதும் அவிழ்ப்பதுமான ஓர் ஏற்பாடு. உராய்வுத் தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று என மாறி மாறி அடுக்கி, அவற்றைச் சுருள்வில்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். இடக்கைப் பிடியை இழுத்தால் கேபிள் அவ்விறுக்கத்தைத் தளர்த்துகிறது, தட்டுகள் பிரிகின்றன. நுகத்திலிருந்து மாட்டை அவிழ்த்ததற்கு இஃது ஒப்பாகும். மாடு நின்றுகொண்டிருக்கலாம், நடந்துகொண்டும் இருக்கலாம். வண்டிக்கு அதனால் ஒன்றுமில்லை.

இதில் நேரும் குறைகள் இரண்டே. ஒன்று, பூட்ட வேண்டிய பொழுது முழுதும் பூட்டாமை. மேல் கியரில் செல்லும்பொழுது முறுக்கினால் எஞ்சின் இரைகிறது, வேகம் மட்டும் கூடுவதில்லை. மேட்டில் ஏறும்பொழுது தீய்ந்த வாடை வருகிறது. இதனை வழுக்கல் என்போம். மற்றொன்று, அவிழ்க்க வேண்டிய பொழுது முழுதும் அவிழாமை. பிடியை இழுத்திருக்கும்பொழுதே வண்டி முன்னே நகரப் பார்க்கிறது, கியர் ‘கடக்’கென்று விழுகிறது, நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைப்பதே இல்லை. கியர்ப் பெட்டி கெட்டுவிட்டதென்று பலர் அஞ்சுவது இவ்விடத்திலேதான். குற்றம் பெரும்பாலும் கியரில் இல்லை, கிளட்சில் இருக்கிறது.

ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு குறைகளும் ஒரே கேபிளால் உண்டாகக் கூடும் என்பதை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். பிடியை இழுக்கத் தொடங்கும்பொழுது சிறிது தூரம் சும்மா அசைய வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இவ்வசைவு இருத்தல் வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவு அதனுடன் தந்த புத்தகத்தில் அச்சாகியிருக்கும். அசைவே இல்லையெனில் தட்டுகள் எப்பொழுதும் சிறிது பிரிந்தே நின்று வழுக்கித் தேயும். அசைவு மிகுந்தால் முழுதும் பிரியாமல் கியர் முரண்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி அளவைச் சரிசெய்து, நட்டை மீண்டும் இறுக்கிவிடலாம். ஒரு ஸ்பேனர் போதும். பல வண்டிகளில் பிடியருகே உள்ள திருகுக்கு அதுவும் வேண்டுவதில்லை. அளவு சரியாயிருந்தும் வழுக்கினால், அப்பொழுது பிளேட்டையும் சுருள்வில்லையும் ஐயுறுவது நியாயம்.

அதற்கு முன் எண்ணெயையும் பார்த்துவிட வேண்டும். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கிளட்ச் எண்ணெயில் நனைந்தே இயங்குகிறது. காருக்கென விற்கும் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ந்திருக்கும். எஞ்சினுக்கு அது நன்மை, நனைந்த கிளட்சுக்குத் தீமை. டிராக்டருக்கு வாங்கியதில் மீந்ததை வீணாக்குவானேன் என்று வண்டியில் ஊற்றும் சிக்கனத்தை நாம் ஒப்புவதற்கில்லை. டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறியைப் பார்த்து வாங்குக. புத்தகம் சொல்லும் தடிப்பே இருக்கட்டும்.

ஓட்டும் முறையும் ஒரு காரணம். வரப்போரத்தில் சுமையுடன் ஊர்ந்து செல்லும்பொழுது பிடியைப் பாதி இழுத்தபடியே நெடுந்தூரம் போவது தட்டுகளைச் சுட்டுத் தீர்க்கும். முதல் கியரில் பிடியை முழுதும் விட்டு ஓட்டுவதே நலம். பல மாதம் நின்ற வண்டியில் தட்டுகள் ஒட்டிக்கொள்வதுண்டு. எஞ்சினை எழுப்பாமல், கியரிலிட்டு, பிடியை இழுத்தபடி முன்னும் பின்னும் தள்ளினால் விட்டுவிடும். சென்னையில் உருவான புல்லட்டின் பழைய வகைகளை வைத்திருப்போர், நியூட்ரலில் பிடியை இழுத்துக்கொண்டு இரண்டு மூன்று உதை உதைப்பது இதற்காகவே.

கியரிலேயே உள்ள குறைகள் வேறு. காலால் மிதிக்கும் கட்டை தளர்ந்திருந்தால் அதன் போல்ட்டை இறுக்கினால் ஆயிற்று. ஆனால் போட்ட கியர் ஓட்டத்திலே தானாகக் கழன்றுகொண்டால் அதனை ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளலாகாது. உள்ளே பற்களின் முனை மழுங்கியிருக்கலாம், கவை வளைந்திருக்கலாம். பாரத்துடன் இறக்கத்தில் வரும்பொழுது கழன்றால் எஞ்சினின் பிடிப்பு அற்றுப்போய், முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். எஞ்சினைப் பிரித்தே பார்க்க வேண்டிய வேலை இது. தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுக.

கேபிள் ஒரே நாளில் அறுவதில்லை. பிடியருகே உள்ள குமிழில் ஓரிரு இழைகள் முதலில் பிரியும். அப்பொழுதே மாற்றிவிட வேண்டும். பால் வண்டி வைத்திருப்போர், புதிய கேபிள் ஒன்றை வாங்கி, பழையதன் வழியாகவே பக்கத்தில் இழுத்து, இரு முனைகளிலும் தூசி புகாமல் துணி சுற்றிக் கட்டி வைத்துக்கொள்வது நன்று. வழியில் அறுந்தால் பழையதன் முனைகளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளலாம். பாலும் சங்கத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரும்.