மேடைப் பணியாளரும் எந்திரச் சான்றிதழும்



தலைநகரில் ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 27 வரை இந்திய சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சி நடைபெறுகிறது. 1972-இல் நிகழ்ந்த ஆசிய வர்த்தகக் காட்சிக்காக எழுந்த பிரகதி மைதானமே அதன் களம். காண வருவோர் விளக்கையும் வண்ணத்தையும் கண்டு மகிழ்ந்து செல்கின்றனர். அவற்றை ஏற்றி நிறுத்தியவர்களோ அதற்கு முந்திய இரவுகளில் கண்ணுறங்காதவர்கள். மும்பையில் கோரேகாவிலும், பெங்களூரில் துமகூரு சாலையிலும் உள்ள கண்காட்சிக் கூடங்களிலும் இதே கதைதான். ஊரில் பந்தற்கால் நட்டுப் பழகிய நம்மவரும் இத்தொழிலில் உண்டு; இன்று அவர்கள் அலுமினிய ட்ரஸ்ஸைப் பூட்டுகிறார்கள்.

அவ்விரவுகளில் உழைக்கும் எந்திரங்களைப் பற்றியும், அவற்றை இயக்குவோர் பெறவேண்டிய சான்றிதழைப் பற்றியும் இன்று பேசுவோம். ஒன்று, முன்புறம் இரண்டு இரும்புக் கரங்களை நீட்டிச் சுமையை ஏந்தும் ஃபோர்க்லிஃப்ட். மற்றொன்று, ஆளையே உயர்த்தும் லிஃப்ட். கத்தரிபோல் விரிந்து நேராக எழும் சிஸர் லிஃப்டும், நீண்ட கையின் நுனியில் கூடை தாங்கிய பூம் லிஃப்டும் இவ்வகையின. அடுக்குமாடி வீட்டில் நாம் ஏறும் லிஃப்டுக்கும் இவற்றுக்கும் உறவு பெயரளவில்தான்.

பெரும்பாலோர் இவற்றை எப்படிக் கற்கிறார்கள்? உதவியாளாகச் சேர்ந்தவர், ஓட்டுநர் வராத ஓர் இரவில் இருக்கையில் ஏறுகிறார். விடியும்வரை விபத்து நேராவிட்டால் மறுநாள் முதல் அவரே ஓட்டுநர்! இவ்வழி வந்தவர்களில் கைதேர்ந்தோர் பலர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சுமை சரிந்து ஒருவர் அடிபட்டால் முதலில் எழும் வினா, “ஓட்டியவனிடம் சான்றிதழ் உண்டா?” என்பதே. ஏறச் சொன்ன மேற்பார்வையாளர் அவ்வேளையில் அருகில் இருக்கமாட்டார். இன்னொன்றும் உண்டு. முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெற்றவருக்கு, “இந்த வண்டியால் இதைத் தூக்கக் கூடாது” என்று மறுக்க ஓர் ஆதாரம் கிடைக்கிறது. ஊர் விட்டு வந்து, நாட்கூலிக்கு, பிறமொழி பேசும் மேலாளர் முன் நிற்கும் தொழிலாளிக்கு அது சிறிய காரியமன்று. கூலி உயர்வைவிட இதனையே சான்றிதழின் பெரும்பயனாக நாம் கருதுகிறோம்.

மறுப்பதற்குக் காரணம் தெரியவேண்டும் அல்லவா? ஃபோர்க்லிஃப்டில் ஓர் உலோகத் தகடு பதித்திருக்கும். 2,500 கிலோ, 500 மில்லிமீட்டர் என்று அதில் கண்டால், 2,500 கிலோ எதையும் தூக்கலாம் என்று பொருளன்று. சுமையின் எடைமையம் கரங்களின் செங்குத்து முகத்திலிருந்து 500 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்த எடை. ஒளித்திரைப் பெட்டிகளையும் மேடைப் பலகைகளையும் 2 மீட்டர் நீளத்துக்கு முன்னோக்கி அடுக்கினால் எடைமையம் 1 மீட்டருக்குப் போய்விடும். முன் அச்சுக்கும் கரங்களின் முகத்துக்கும் இடையே 400 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், அப்போது அவ்வண்டி தாங்குவது ஏறக்குறைய 1,600 கிலோதான். நீள முளையில் சிறுவர் ஆடும் ஏற்றப்பலகையின் கணக்கே இது. உயரத் தூக்கினால் இன்னும் குறையும். தோராயக் கணக்கு அறிவுக்கு உதவும். வேலைக்குத் தகடு சொல்வதே முடிவு.

இவ்வண்டி பின்சக்கரத்தால் திரும்புவது. ஆகவே கார் ஓட்டத் தெரிந்தவருக்குத் தொடக்கத்தில் அதுவே இடையூறு. பின்புறம் வீசித் திரும்பிச் சுவரையோ ஆளையோ இடிக்கும். சுமையுடன் சாய்தளத்தில் இறங்கும்போது பின்னோக்கியே இறங்கவேண்டும். சுமை எப்போதும் மேட்டுப்பக்கம் இருக்கவேண்டும். வண்டி கவிழுமாயின் குதித்துத் தப்ப நினைப்பதே உயிரைக் குடிக்கும். இருக்கைவாரை மாட்டியபடி, சக்கரத்தை இறுகப் பற்றி, விழும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருப்பதே முறை. மனம் இயல்பாகச் சொல்வதற்கு இது நேர்மாறானது. அதனால்தான் முன்கூட்டியே பயிலவேண்டியிருக்கிறது.

ஆள் ஏற்றும் லிஃப்டுக்குப் பகை காற்று. வெளியில் பயன்படுத்தத் தக்கவற்றுள் பலவற்றுக்கு வரம்பு நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். உள்ளரங்குக்கென்றே செய்யப்பட்டவை இலேசான காற்றுக்கும் உரியன அல்ல. அதன் கைப்பிடிக் கம்பியில் விளம்பரத் துணியைக் கட்டுவது பாய்மரம் விரிப்பதற்கு ஒப்பாகும். திருவிழா மைதானங்களில் வேறொரு வழக்கமும் உண்டு: ஹைட்ரா கிரேனின் கொக்கியில் கூடை மாட்டி ஆளை ஏற்றுவது. அதைத் துணிவு என்று புகழ்வோரும் இருக்கின்றனர். நாம் அதற்கு உடன்படோம்.

சான்றிதழ் எங்கே கிடைக்கும்? சரக்குப் போக்குவரத்துத் துறைக்கும் கட்டுமான எந்திரத் துறைக்கும் தனித்தனித் திறன் மன்றங்கள் உண்டு. எந்திரம் செய்வோரும் பயிற்சி அளிக்கின்றனர். ஆள் ஏற்றும் லிஃப்டுக்கு, 1983-இல் தோன்றிய ஐபாஃப் என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் அட்டை பல நாடுகளில் மதிப்புப் பெற்றது. அதற்குப் ‘பால்’ கார்டு என்று பெயர். பால் பூத்தில் காட்டும் அட்டையோ என்று நம்மவர் நகைப்பர்! எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேறியபின் கிடைப்பது. 5 ஆண்டு செல்லும். நகரும் சிஸர் லிஃப்டு 3-ஏ, பூம் லிஃப்டு 3-பி என்று பிரிவுகள் வேறு. ஒன்றைப் பெற்றவர் மற்றதை ஓட்டலாகாது. வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணுவோர் இதைக் கருத்தில் கொள்வது நலம்.

கார் ஓட்டும் உரிமம் இவற்றுக்கு ஈடாகாது. மறுபுறம், ஃபோர்க்லிஃப்டைப் பொதுச்சாலையில் செலுத்தினால் மோட்டார் வாகனச் சட்டமும் குறுக்கிடும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதனைக் கட்டுமான எந்திர வாகனங்களுள் ஒன்றாகக் கொள்கின்றன. கூடத்து வாயிலுக்கு வெளியே நிற்கும் லாரியிலிருந்து சுமை இறக்கப் போகிறவர் இதை நினைவில் வைக்க.

பல ஆண்டு ஓட்டியவருக்கு எளிய வழி ஒன்றுண்டு. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில், முன்பே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடும் இடம்பெற்றது. பக்கத்திலுள்ள பயிற்சி நிலையத்தில் இப்பிரிவு நடக்கிறதா, தேர்வு எம்மொழியில் என்று முதலில் விசாரிக்கவேண்டும். இந்தியில் பேசி வேலை வாங்கும் நம்மவர் பலர் இந்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தயங்குவர். வினாத்தாள் முன் தடுமாறித் தொழிலில் தோற்றவராகத் திரும்புவது கொடுமை. பணம் கட்டிய மறுநாளே, எந்திரத்தைத் தொடாமலே அட்டை தருவோரும் சந்தையில் இருக்கின்றனர். அந்த அட்டை விபத்து நாளில் பயன்படாது.

அட்டை கைக்கு வந்தபின்னும் ஒரு வேலை மீதியுண்டு. வாடகைக்கு வரும் லிஃப்டு ஒவ்வொரு முறையும் வேறு தயாரிப்பாக இருக்கலாம். மேலே இயக்கம் நின்றுபோனால் தரையிலிருந்து கூடையை இறக்கும் அவசரக் கைப்பிடி ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். ஏறுமுன் அதைத் தேடிக் கண்டு, கீழே நிற்கும் தோழரையும் ஒருமுறை இயக்கிப் பார்க்கச் சொல்லவேண்டும்.